சாறு விரதம்: பலன் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு?

புதுதில்லி: தலைநகரில் நடைபெறும் உண்ணாவிரதங்களுக்கும் ஒரு குவளைச் சாற்றுக்கும் நீண்ட காலத் தொடர்பு உண்டு. 1948 ஜனவரி 13-ம் தேதி பிர்லா மாளிகையில் காந்தியடிகள் தொடங்கிய கடைசி உண்ணாவிரதம், 18-ம் தேதி மௌலானா அபுல் கலாம் ஆசாத் அளித்த ஆரஞ்சுச் சாற்றுடன் நிறைவுற்றது. 2011 ஆகஸ்ட் 28-ம் தேதி ராம்லீலா மைதானத்தில் அண்ணா ஹசாரே தமது 12 நாள் உண்ணாவிரதத்தை, இரு சிறுமியர் தந்த தேன் கலந்த இளநீரைப் பருகி முடித்துக் கொண்டார்.

அவர்கள் பருகிய சாறு, பட்டினி முடிந்தது என்பதன் அடையாளம். இன்று அதே நகரில் சாறே ஒரு விரதமாக விற்கப்படுகிறது. மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் எனத் திட்டங்கள் உள்ளன. திட உணவை அறவே விலக்கிவிட்டுப் பழச்சாறும் காய்கறிச் சாறும் மட்டுமே அருந்தினால் உடலில் தேங்கிய நச்சுகள் வெளியேறும், ரத்தம் சுத்தமாகும், எடை குறையும் என்பது விளம்பரங்களின் வாக்குறுதி. ஆங்கிலத்தில் "டிடாக்ஸ்", தமிழில் "நச்சு நீக்கம்" என்கிறார்கள்.

வீட்டு வாசலில் வந்து இறங்கும் கண்ணாடிப் புட்டிகள் வசதி படைத்தோருக்கானவை. நடுத்தர வர்க்கத்தினருக்குப் பூங்கா வாயில்கள் உள்ளன. விடியற்காலையில் நடைப்பயிற்சி முடித்து வருவோரை எதிர்பார்த்துச் சுரைக்காய், பாகற்காய், நெல்லிக்காய், கற்றாழை, கோதுமைப் புல் எனச் சாறு வகைகளைப் பாத்திரங்களில் நிரப்பி வைத்துக்கொண்டு வியாபாரிகள் காத்திருக்கிறார்கள். அரசு அதிகாரிகளும் வழக்குரைஞர்களும் ஓய்வூதியர்களும் வரிசையில் நின்று பருகிவிட்டுச் செல்வது தில்லியின் அன்றாடக் காட்சிகளில் ஒன்று.

இந்தப் பழக்கத்தில் உண்மையான பலன் எவ்வளவு? எந்த இடத்தில் அது ஆபத்தாகிறது? இக் கேள்வியை மத்திய அரசே ஒருமுறை எழுப்ப நேர்ந்தது. அதற்குக் காரணம் ஓர் உயிரிழப்பு.

சுரைக்காய் தந்த பாடம்

2010-ம் ஆண்டு கோடையில் தில்லியில் வசித்துவந்த, மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு ஒன்றைச் சேர்ந்த ஒருவர், காலையில் வழக்கமாகக் குடிக்கும் சுரைக்காய்ச் சாற்றை அன்றும் குடித்தார். உடன் பாகற்காய்ச் சாறும் கலந்திருந்தது. பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்த பழக்கம் என்பதால் அவருக்கு ஐயம் எழவில்லை. குடித்த சிறிது நேரத்தில் வயிற்று வலியும் வாந்தியும் கண்டன. அதே சாற்றைக் குடித்த மனைவி உயிர் பிழைத்தார். அவர் பிழைக்கவில்லை.

இதையொத்த வேறு சில நிகழ்வுகளும் வெளிவரவே, மத்திய சுகாதார அமைச்சகம் நிபுணர் குழுவை அமைத்தது. அக் குழுவின் முடிவுகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்விதழ் 2012-ல் வெளியிட்டது.

சுரை, பாகல், வெள்ளரி, பீர்க்கு அடங்கிய தாவரக் குடும்பத்தில் "குகுர்பிடாசின்" என்னும் கசப்புப் பொருள்கள் உண்டு. பூச்சிகளிடமிருந்தும் விலங்குகளிடமிருந்தும் செடி தன்னைக் காத்துக்கொள்ள அவை உதவுகின்றன. நாம் சமைக்கும் சுரைக்காயில் அவை மிகக் குறைவு. ஏதோ ஒரு காயில் அளவு மிகுந்துவிட்டால் அது கசக்கும். அந்தக் கசப்பே நஞ்சின் அறிகுறி. குடித்த சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ கடும் வயிற்று வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி, ரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை ஏற்படக்கூடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. தோன்றும் அறிகுறிகளுக்கேற்ப மட்டுமே மருத்துவர்கள் சிகிச்சை அளிக்க முடியும்.

தமிழர்களுக்கு இது புதிய செய்தியன்று. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்று கசப்பு வகைகளுக்குத் தனிப் பெயரிட்டு முன்னோர் ஒதுக்கி வைத்தனர். குழம்பில் ஒரு கசப்புக் காய் விழுந்துவிட்டால் முதல் கவளத்திலேயே நாக்கு சொல்லிவிடும். இலையில் இருப்பது அப்படியே ஒதுக்கப்படும். சாறு அப்படியன்று. மருந்து என்று எண்ணி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கப்படுகிறது. "கசந்தால்தான் நல்லது" என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. பாகற்காய்ச் சாற்றைக் கலந்துவிட்டாலோ, கசப்பது எந்தக் காய் என்பதை அறியவே வழியில்லை. சுரைக்காய்ச் சாற்றுடன் வேறெந்தச் சாற்றையும் கலக்கக் கூடாது என்று நிபுணர் குழு அறிவுறுத்தியது இதனால்தான்.

பலன் இல்லாமல் இல்லை

சாறு அருந்துவதையே குற்றமாகக் கருத வேண்டியதில்லை. சாறு, பழம், உபவாசம் ஆகியவற்றை உள்ளடக்கிய இயற்கை மருத்துவத்துக்கு இந்தியப் பொதுவாழ்வில் மரியாதைக்குரிய இடம் உண்டு. புணே அருகே உருளி காஞ்சனில் இயற்கை மருத்துவ ஆசிரமத்தை 1946-ல் தொடங்கி வைத்தவர் காந்தியடிகள். மத்திய அரசின் தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம் அதே புணேயில் 1986 முதல் இயங்குகிறது. தில்லி முதல்வராக இருந்த அரவிந்த் கேஜரிவால், 2015 மார்ச் மாதத்தில் இருமலுக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் சிகிச்சை பெறப் பெங்களூருவிலுள்ள இயற்கை மருத்துவ நிலையத்துக்குச் சென்றதை நாடே அறியும்.

இத்தகைய நிலையங்களிலிருந்து திரும்புவோர் புத்துணர்ச்சி பெற்றதாகக் கூறுவதில் உண்மை இருக்கிறது. ஆனால் அங்கே அவர்களுக்குக் கிடைப்பது சாறு மட்டுமன்று. வேளாவேளைக்கு உறக்கம், நடை, யோகா, மதுவும் புகையும் இல்லாத சில நாள்கள், எண்ணெயும் உப்பும் குறைந்த உணவு, அன்றாடம் உடல்நிலையைக் கவனிக்கும் மருத்துவர் ஆகிய அனைத்தும் சேர்ந்தே அந்தப் பலனைத் தருகின்றன. இவற்றில் சாற்றை மட்டும் தனியே பிரித்துப் புட்டியில் அடைத்துவிட்டு, முழுப் பலனையும் அதன் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது.

சாற்றுக்கென்றே உள்ள நன்மைகளும் சில உண்டு. காய்கறி, பழங்களை அறவே தொடாதவருக்கு அது நல்ல தொடக்கம். பல்லில்லாத முதியவருக்கும், நோயிலிருந்து மீள்பவருக்கும் எளிதில் உள்ளே செல்லும் உணவு. நெல்லிக்காயிலும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி, தானியங்களிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ளத் துணைபுரிகிறது. பீட்ரூட் சாறு ரத்த அழுத்தத்தைச் சிறிதளவு குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. உடல் நலமுள்ள ஒருவர் ஓரிரு நாள் சாறு மட்டும் அருந்துவதால் பெரும் தீங்கு எதுவும் நேர்ந்துவிடாது.

எடை குறைவதும் கண்கூடு. அதன் காரணத்தை அறிந்துகொள்வது நல்லது. அவசரத் தேவைக்கெனக் கல்லீரலும் தசைகளும் "கிளைகோஜன்" என்னும் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கும். உணவு குறைந்ததும் இந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீர் வெளியேறுகிறது. முதல் சில நாள்களில் எடைத் தராசு காட்டும் இறக்கத்தில் பெரும் பகுதி இதுவே. மீண்டும் சாப்பிடத் தொடங்கியதும் அது திரும்பி வந்துவிடும்.

அத்துடன், சாற்றில் புரதம் மிகக் குறைவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் தேவை. சாறு விரதம் நீள நீளத் தசையும் கரைகிறது.

நச்சு எங்கே போகிறது?

நச்சு நீக்கம் என்ற வாக்குறுதிதான் இந்த வணிகத்தின் அடித்தளம். எந்த நச்சு, உடலில் எந்த அளவில் இருந்தது, சாறு குடித்தபின் எந்த அளவுக்குக் குறைந்தது என்ற மூன்று கேள்விகளுக்கு விளம்பரங்கள் விடை தருவதில்லை. இத்தகைய உணவுத் திட்டங்களைப் பற்றி அதுவரை வெளியான ஆய்வுகளை 2015-ல் தொகுத்துப் பரிசீலித்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், அவற்றின் பயனை முறையாகச் சோதித்த ஒப்பீட்டு மருத்துவ ஆய்வு ஒன்றுகூட இல்லை என்று பதிவு செய்தனர்.

உடலின் சுத்திகரிப்புப் பணியைக் கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகச் செய்து வருகின்றன. அவை பழுதடைந்தால் மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும். ஈயம் போன்ற நச்சு உடலில் ஏறிவிட்டால் அதை அகற்றத் தனி மருந்துகளும் மருத்துவக் கண்காணிப்பும் வேண்டும். அந்தப் பணியைப் பழச்சாறு செய்யாது.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் 2025-ல் வெளியிட்ட சிறு ஆய்வில் 14 பேர் பங்கேற்றனர். மூன்று நாள் சாறு மட்டுமே அருந்தியவர்களின் உடலில், அழற்சியுடன் தொடர்புடைய நுண்ணுயிரிகள் பெருகியது தெரியவந்தது. வாயில் இம் மாற்றம் அதிகமாகக் காணப்பட்டது. மிகச் சிறிய ஆய்வு என்பதால் இதை இறுதி முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் நார்ச்சத்தை வடிகட்டி எறிந்துவிட்டுச் சர்க்கரையை மட்டும் வைத்துக்கொள்வது குடலுக்கு நல்லதன்று என்ற பழைய எச்சரிக்கைக்கு இது வலுச் சேர்க்கிறது.

யாருக்கு ஆபத்து?

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் உள்ளனர் என்று 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு மதிப்பிட்டது. சென்னையிலுள்ள சர்க்கரை நோய் ஆராய்ச்சி அறக்கட்டளை ஒருங்கிணைத்த ஆய்வு இது. பூங்கா வாயிலில் சாறு வாங்க நிற்கும் வரிசையில் இவர்களே அதிகம் இருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று.

பழத்தை மென்று தின்னும்போது நார்ச்சத்து சர்க்கரையை மெல்ல ரத்தத்தில் கலக்கவிடுகிறது. சாற்றில் அந்தத் தடை இல்லை. மூன்று ஆரஞ்சுப் பழங்களை உரித்துத் தின்ன நேரமாகும், வயிறும் நிறையும். அவற்றின் சாறு ஒரே நிமிடத்தில் உள்ளே போய்விடும். ஒரு நாளைக்குச் சேர்க்கப்படும் சர்க்கரையை 25 கிராமுக்குள் நிறுத்துவது நலம் என்று 2015-ல் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம், பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்தது. 100 மில்லி லிட்டர் கரும்புச் சாற்றில் 13 முதல் 15 கிராம் சர்க்கரை இருப்பதை, 2024-ல் வெளியான ஐசிஎம்ஆர் உணவு வழிகாட்டி சுட்டிக்காட்டுகிறது. 300 மில்லி லிட்டர் குவளை ஒன்றிலேயே 40 கிராமைத் தொட்டுவிடுகிறது.

அமெரிக்காவில் 1.87 லட்சம் பேரின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2013-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், முழுப் பழம் உண்போருக்குச் சர்க்கரை நோய் வாய்ப்புக் குறைவாகவும், பழச்சாறு அதிகம் அருந்துவோருக்குக் கூடுதலாகவும் இருந்தது. பழம் ஒன்றுதான், உட்கொள்ளும் முறை மாறியதும் விளைவும் மாறிவிடுகிறது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் உணவை நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும். இனிப்புச் சாற்றைக் குடித்தால் சட்டென ஏறக்கூடும். இரண்டும் ஒரே நாளில் நேரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரிலும் சாறுகளிலும் நிறைந்துள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொள்பவர் திடீரெனக் கீரைச் சாற்றுக்கு மாறினால் மருந்தின் வீரியம் குறையும்.

ஆரோக்கியமான சிறுநீரகமும் தப்புவதில்லை. கேரளத்தில் இரும்பன்புளி என்று வழங்கும் புளிப்புக் காயின் செறிவான சாற்றை, கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பிக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததாக அம் மாநில மருத்துவர்கள் 2013-ல் அறிவித்தனர். அக் காயில் மிகுந்துள்ள ஆக்சலேட் என்னும் பொருள் சிறுநீரகத்தில் படிகங்களாக அடைத்துக்கொண்டதே காரணம். 10 பேரில் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. ஊறுகாயாகவும் மீன் குழம்பிலும் காலங்காலமாகத் தின்றுவந்த காய்தான் அது. பல காய்களின் சத்தை ஒரே குவளையில் பிழியும்போது, அவற்றின் தீங்கும் சேர்ந்தே பிழியப்படுகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

முதலாவது மக்களவையின் காலத்தில், 1954-ல், மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதை அது தடை செய்கிறது. முதல் முறை குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஆனால் அச் சட்டத்தின் இலக்கு மருந்துகள். சாற்றை விற்பவர் "இது உணவு" என்று சொல்லிவிட்டால், 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தின் எல்லைக்குள் அது வந்துவிடுகிறது. அங்கே, தவறான விளம்பரத்துக்கு அதிகபட்சத் தண்டனை ரூ. 10 லட்சம் அபராதம். "இது மூலிகைச் சாறு, ஆயுர்வேதம்" என்றால் ஆயுஷ் அமைச்சகத்தின் விதிகள் வந்துவிடுகின்றன. ஒரே பச்சை நிறச் சாறு, லேபிளில் உள்ள சொல்லுக்கேற்ப மூன்று கதவுகளில் ஏதேனும் ஒன்றின் வழியே சந்தைக்குள் நுழைகிறது.

ஆயுஷ் கதவில் இருந்த காவலும் தளர்ந்துவிட்டது. ஆயுஷ் மருந்து விளம்பரங்களுக்கு மாநில அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்ற 170-வது விதியை மத்திய அரசு 2024 ஜூலையில் நீக்கியது. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே அந்த நீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடித்துவைக்கப்பட்டபோது அந்தத் தடையும் அகன்றது.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நல்ல அடி எடுத்துவைத்தது. "100 சதவீதப் பழச்சாறு" என்ற வாசகத்தை லேபிள்களிலிருந்தும் விளம்பரங்களிலிருந்தும் நீக்குமாறு 2024 ஜூன் மாதம் அது உத்தரவிட்டது. செறிவூட்டப்பட்ட சாற்றில் தண்ணீர் கலந்து தயாரிக்கப்படுவதை அப்படி அழைப்பது நுகர்வோரை ஏமாற்றும் என்பது அதன் வாதம். அதை எதிர்த்து நிறுவனம் ஒன்று தில்லி உயர் நீதிமன்றத்தின் படியேறியது.

வரிக் கொள்கையிலும் இதே குழப்பம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில், சர்க்கரை கலந்த கோலா வகைகள் 40 சதவீதப் பிரிவில் வைக்கப்பட்டன. பழச்சாறு 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியது. 100 மில்லி லிட்டரில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் அதிக வேறுபாடு இல்லை. வைட்டமின்கள் சாற்றில் இருப்பது உண்மைதான். ஆனால் சர்க்கரை நோயாளியின் ரத்தம் வரிப் பட்டியலைப் பார்த்துச் செயல்படுவதில்லை.

பூங்கா வாயிலில் விற்கப்படும் குவளைக்கோ லேபிளே கிடையாது. 2012-ன் எச்சரிக்கை ஆய்விதழின் பக்கங்களில் இருக்கிறது. அது சென்று சேர வேண்டிய இடம், விடிகாலை ஐந்தரை மணிக்குச் சுரைக்காயை அரைக்கும் அந்த வண்டி.

காற்றும் குவளையும்

ஆண்டுதோறும் நவம்பரில் தில்லியைப் புகைமூட்டம் சூழும்போது, நச்சு நீக்கச் சாறுகளின் விளம்பரமும் கூடவே வந்துவிடுகிறது. நுரையீரலின் ஆழத்தில் படியும் நுண்துகள்களை எந்தச் சாறும் கழுவுவதில்லை. அங்கே செல்லும் வழியே வேறு. காற்றிலும் ஆற்றிலும் காய்கறி வயல்களிலும் கலக்கும் நஞ்சைக் குறைப்பது ஆட்சியாளர்களின் கடமை. அந்தக் கடமை நிறைவேறாத நகரில், சுத்தம் என்பது தனிமனிதர் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கும் பொருளாகிவிடுகிறது. வாங்க முடியாதவர் நஞ்சோடு வாழ வேண்டும். வாங்கியவர் நஞ்சு நீங்கியதாக நம்பிக்கொண்டு வாழ வேண்டும்.

சாற்றைக் கைவிட வேண்டும் என்று யாரும் கோரவில்லை. முழுப் பழம் உண்ண முடிந்தவர் பழத்தையே உண்ணலாம். சாறுதான் வேண்டுமெனில் வடிகட்டாமல், சர்க்கரை சேர்க்காமல், ஒரு சிறு குவளை, உணவுக்குத் துணையாக அருந்தலாம். சர்க்கரை நோய், சிறுநீரக நோய், இதய நோய்க்கு மருந்து உட்கொள்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் சாறு விரதம் தொடங்கக் கூடாது.

சுரைக்காய்க்கு நிபுணர் குழு சொன்ன வழி எல்லாவற்றிலும் எளியது. அரைப்பதற்கு முன் ஒரு சிறு துண்டை வெட்டி நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் காயைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். குடித்தபின் குமட்டலோ வாந்தியோ வயிற்று வலியோ வந்தால் அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். இந்த மூன்று வரிகளை எழுதிப் பூங்கா வாயிலில் ஒரு பலகை வைக்கப் புதிய சட்டம் தேவையில்லை, நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. நகராட்சி ஊழியர் ஒருவரும் ஒரு வாளி வர்ணமும் போதும்.